இரட்டையரில் ஒன்று சிறியதாக இருந்தால்: ஸ்கேன் சதவீதமும் அது கிளப்பும் கவலையும்

இரட்டைக் கர்ப்பத்தில் ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் கண் நேராகப் போவது இரண்டு எடைகளுக்கும், பக்கத்தில் இருக்கும் ஒரு சதவீதத்துக்கும்தான். ஒரு குழந்தை 1,500 கிராம், இன்னொன்று 1,200 கிராம், வித்தியாசம் 20 சதவீதம். அடுத்த ஸ்கேன் வரை அந்த 20 மட்டுமே தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சின்னதுக்குச் சாப்பாடு போகவில்லையா, பெரியது அதன் பங்கையும் எடுத்துக்கொள்கிறதா, நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று கேள்விகள் வரிசையாகக் கிளம்பும்.

இதை வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. வளர்ச்சி வித்தியாசம் சில சமயம் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் இரட்டைக் கர்ப்பத்துக்கு இத்தனை ஸ்கேன். ஆனால் கவலை பெரும்பாலும் தவறான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சதவீதம் தனியாக நின்று சொல்வது மிகக் குறைவு. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா, சின்னக் குழந்தை தன் போக்கில் வளர்ந்துகொண்டிருக்கிறதா, அதன் தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கே அர்த்தம் வருகிறது.

அந்த எண் எப்படி வருகிறது

கணக்கு எளிது. பெரிய குழந்தையின் எடையிலிருந்து சிறியதன் எடையைக் கழித்து, பெரியதன் எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைத்துவிடும். சிக்கல் எடையில்தான் இருக்கிறது. வயிற்றுக்குள் யாரும் தராசு வைப்பதில்லை. தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் இவற்றை அளந்து, ஹாட்லாக் சூத்திரம் போன்ற ஒன்றில் போட்டு எடையை மதிப்பிடுகிறார்கள். இந்த மதிப்பீடு உண்மையான எடையிலிருந்து 10, 15 சதவீதம் விலகிப்போவது சாதாரணம். இரண்டு குழந்தைகள் இடித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு கிடக்கும்போது அளப்பது இன்னும் கடினம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். உண்மையில் ஒரு குழந்தை 1,500 கிராம், மற்றது 1,300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வித்தியாசம் சுமார் 13 சதவீதம். இப்போது பெரியதை 5 சதவீதம் கூட்டியும் சிறியதை 5 சதவீதம் குறைத்தும் அளந்துவிட்டால் அறிக்கையில் 1,575, 1,235 என்று வரும்; வித்தியாசம் கிட்டத்தட்ட 22 சதவீதம். அதே பிழை எதிர்த்திசையில் நடந்தால் 1,425, 1,365. வித்தியாசம் வெறும் 4 சதவீதம். குழந்தைகள் அதே குழந்தைகள்தான். ஒரு ஸ்கேனில் பயந்து, அடுத்ததில் நிம்மதியாகி, மூன்றாவதில் மறுபடி பயந்து போகிற பலரின் அனுபவத்தில் இந்த அளவுப் பிழைக்கு ஒரு நல்ல பங்கு உண்டு.

இதனால்தான் வளர்ச்சியை அளக்கும் ஸ்கேன்களுக்கு நடுவே குறைந்தது இரண்டு வார இடைவெளி விடுகிறார்கள். ஒரு வாரத்தில் குழந்தை போடுகிற எடையும் அளவுப் பிழையும் ஏறக்குறைய ஒரே அளவு. வாராவாரம் எடை பார்த்தால் வளர்ச்சி எது, பிழை எது என்று பிரிக்கவே முடியாது. ‘சீக்கிரம் இன்னொரு முறை அளந்து பாருங்களேன்’ என்று கெஞ்சத் தோன்றும். ரத்த ஓட்டத்தையும் பனிக்குட நீரையும் வாராவாரம், தேவைப்பட்டால் அதைவிட அடிக்கடி, பார்ப்பதில் அர்த்தம் உண்டு. எடை அப்படி இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், அதிகம் பேசப்படாதது. அறிக்கையில் ‘குழந்தை ஏ’, ‘குழந்தை பி’ என்று எழுதுவது பெரும்பாலும் அவை இருக்கும் இடத்தை வைத்துத்தான். இரண்டும் ஒரே பாலினமாக இருந்து, இடமும் மாறியிருந்தால், போன முறை ஏ என்று குறித்ததை இந்த முறை பி என்று குறித்துவிட வாய்ப்பு உண்டு. அப்போது ஒன்றின் வளர்ச்சி திடீரென நின்றுவிட்டது போலவும் மற்றது பாய்ச்சலாக வளர்ந்தது போலவும் காகிதத்தில் தெரியும். ஒரே ஸ்கேனில் இப்படி விசித்திரமான திருப்பம் தெரிந்தால், பெயர் மாறியிருக்குமோ என்று கேட்பதில் தவறே இல்லை.

சரி, எந்த எண்ணிலிருந்து மருத்துவர்கள் உஷாராகிறார்கள்? பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்டதன்படி, வித்தியாசம் 20 சதவீதத்தைத் தொட்டாலோ, ஒரு குழந்தையின் எடை பத்தாவது பெர்சன்டைலுக்குக் கீழே (அதே வாரக் குழந்தைகள் நூறு பேரில் மிகச் சிறிய பத்துப் பேருக்குள்) போனாலோ கண்காணிப்பை வாரத்துக்கு ஒரு முறையாவது ஆக்கி, தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் சேர்க்க வேண்டும். வித்தியாசம் 25 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்து, ஒரு குழந்தை பத்தாவது பெர்சன்டைலுக்குக் கீழும் இருந்தால் கருமருத்துவ நிபுணர்கள் உள்ள பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். 20 என்பது ஆபத்து தொடங்கும் கோடு இல்லை, இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்கும் கோடு.

நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா

என்னைக் கேட்டால், இரட்டைக் கர்ப்பத்தில் ஒருவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரே தகவல் இதுதான். எடையைவிட, பாலினத்தைவிட, ‘ஒரே மாதிரி இருப்பார்களா’ என்பதைவிட முக்கியமானது.

இரண்டு கருமுட்டைகளிலிருந்து உருவான இரட்டையருக்குக் கிட்டத்தட்ட எப்போதும் தனித்தனி நஞ்சுக்கொடிதான். ஒரே கருமுட்டை பிரிந்து உருவானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி அமைந்துவிடும். மீதிப் பேர் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தால் நஞ்சுக்கொடி இரண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே பாலினம் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு நஞ்சுக்கொடிகள் ஒட்டி வளர்ந்து ஒன்றுபோலத் தோன்றவும் கூடும். இதைத் தெளிவாகச் சொல்லக்கூடிய காலம் 11 முதல் 14 வாரம் வரை. குழந்தைகளுக்கு நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் முக்கோணமாகத் தடித்திருந்தால் இரண்டு. மெல்லியதாக ஆங்கில ‘டி’ எழுத்துபோல நேராகப் போய் முட்டினால் ஒன்று. பின்னால் போகப் போக இந்த அடையாளம் மங்கிவிடும். அதனால் அந்த முதல் அறிக்கையைத் தேடி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டி.சி.டி.ஏ. என்று எழுதியிருந்தால் இரண்டு, எம்.சி.டி.ஏ. என்றால் ஒன்று.

நஞ்சுக்கொடி இரண்டாக இருந்தால் இரண்டு குழந்தைகளும் ஒரு வயிற்றில் இருக்கும் இரண்டு தனிக் கர்ப்பங்கள் மாதிரிதான். ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போவதில்லை. இரு கருமுட்டை இரட்டையர் என்றால் மரபணுவே வேறு. ஒன்று சிறிய உடல்வாகோடு பிறக்க வேண்டிய குழந்தையாகவே இருக்கலாம். தனித்தனியாகப் பிறக்கிற அண்ணன் தம்பியின் பிறப்பு எடையில் அரைக் கிலோ வித்தியாசம் இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவர்கள் ஒரே நாளில் அளக்கப்படுவதால்தான் அது கண்ணை உறுத்துகிறது. சில சமயம் ஒரு நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம், அல்லது தொப்புள்கொடி அதன் நடுவில் இல்லாமல் ஓரத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாம். அபூர்வமாக அந்தக் குழந்தைக்கு மட்டும் உள்ள ஒரு குரோமோசோம் கோளாறோ தொற்றோ காரணமாக இருக்கும். அப்போதும் பிரச்சினை அந்தக் குழந்தையுடையது. நேரடியாக மற்றதற்குத் தாவாது.

நஞ்சுக்கொடி ஒன்றாக இருந்தால் கதை வேறு. பங்கு சமமாகப் பிரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒன்றுக்குப் பெரிய பகுதியும் மற்றதற்குச் சின்னப் பகுதியும் கிடைக்கலாம். மரபணு ஒன்றே என்பதால் ‘இயல்பான உடல்வாகு’ என்ற விளக்கமும் இங்கே செல்லாது. கூடவே, நஞ்சுக்கொடியின் மேல் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். அந்த இணைப்பு சின்னதற்குக் கெடுதல்தான் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. பங்கு குறைவாகக் கிடைத்த குழந்தைக்கு, அதே குழாய்கள் வழியாகப் பெரிய குழந்தையின் ரத்தம் கொஞ்சம் வந்து கைகொடுப்பதும் உண்டு. பெரியது சின்னதன் சாப்பாட்டைப் பிடுங்குகிறது என்று பலரும் மனத்தில் வரைந்துகொள்கிற படம் சில கர்ப்பங்களில் உண்மைக்கு நேர் எதிர். ஆனால் இதே இணைப்பால்தான் ஒருவருக்கு வரும் பாதிப்பு மற்றவரையும் தொட முடிகிறது. ஆகவே இங்கே கண்காணிப்பு கடுமையானது: 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்.

ஒரே நஞ்சுக்கொடி என்றதும் இணையத்தில் முதலில் கண்ணில் படுவது, ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கு ஏறிவிடும் சிக்கல். ஒரே நஞ்சுக்கொடி உள்ள கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இது வருகிறது. ஆனால் அதைக் கண்டுபிடிப்பது எடையை வைத்து அல்ல, பனிக்குட நீரை வைத்து. ஒரு பையில் நீரின் ஆழம் 2 சென்டிமீட்டருக்குக் கீழ், மற்றதில் 8 சென்டிமீட்டருக்கு மேல் என்ற நிலை வர வேண்டும். எடை வித்தியாசம் இருந்தும் இரண்டு பைகளிலும் நீர் சரியாக இருந்தால் அது இந்தச் சிக்கல் இல்லை. வந்தாலும் இன்று லேசர் சிகிச்சை இருக்கிறது. கருப்பைக்குள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி அந்த இணைப்புகளை மூடிவிடுகிறார்கள்.

ரத்த ஓட்டம் சொல்வது

டாப்ளர் என்பது தொப்புள்கொடியில் ரத்தம் எவ்வளவு தடையில்லாமல் நஞ்சுக்கொடிக்குப் போகிறது என்பதைக் காட்டுவது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் இடையில், இதயம் ஓய்வெடுக்கும் அந்த நொடியிலும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தால் நல்ல அறிகுறி. அந்த ஓட்டம் நின்றுபோனாலோ, பின்னோக்கித் திரும்பினாலோ நஞ்சுக்கொடி திணறுகிறது என்று பொருள்.

ஒரே நஞ்சுக்கொடி இரட்டையருக்கு இதை வைத்தே வகை பிரிக்கிறார்கள். 2007இல் கிராட்டகோஸ் குழு முன்வைத்த பிரிவின்படி, சின்னக் குழந்தையின் தொப்புள்கொடி ஓட்டம் எப்போதும் முன்னோக்கியே இருந்தால் முதல் வகை. இதில் பெரும்பாலும் பலன் நல்லதாகவே இருக்கிறது. தொடர்ந்து நின்றோ திரும்பியோ இருந்தால் இரண்டாம் வகை. ஒரு நேரம் நன்றாகவும் இன்னொரு நேரம் மோசமாகவும் மாறி மாறி வந்தால் மூன்றாம் வகை. எப்படிப் போகும் என்று கணிக்க முடியாததால் மருத்துவர்களுக்கே தலைவலி தருவது இதுதான். ஆக, 22 சதவீத வித்தியாசமும் நல்ல ஓட்டமும் உள்ள கர்ப்பம், 18 சதவீதமும் மோசமான ஓட்டமும் உள்ள கர்ப்பத்தைவிட நிம்மதியானது. அறிக்கையில் சதவீதத்தைத் தாண்டி அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டியது இதனால்தான்.

ஒரு குழந்தை சின்னதாக இருப்பதும் வளராமல் நிற்பதும் ஒன்றல்ல. தொடக்கத்திலிருந்தே பன்னிரண்டாவது பெர்சன்டைலில் இருந்து, ஒவ்வொரு ஸ்கேனிலும் அதே கோட்டை ஒட்டி நகர்கிற குழந்தை வேறு. நாற்பதில் இருந்து பன்னிரண்டுக்கு இறங்கிய குழந்தை வேறு. இரண்டாவது நிலைதான் கவனத்தை இழுக்க வேண்டும். இன்னொன்று, சுமார் 28, 30 வாரம் தாண்டியதும் இரட்டையரின் வளர்ச்சி ஒற்றைக் குழந்தையைவிட மெதுவாகத்தான் இருக்கும். ஒற்றைக் குழந்தைக்கான வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் நலமான இரட்டையர் பலர் ‘சின்னவர்கள்’ ஆகிவிடுவார்கள். எந்த வரைபடத்தைப் பயன்படுத்துவது என்பதில் மருத்துவ உலகிலேயே ஒத்த கருத்து இல்லை. உங்கள் அறிக்கையில் இருப்பது எந்த வரைபடம் என்று கேளுங்கள்.

‘நான் என்ன செய்திருக்க வேண்டும்?’

குற்ற உணர்ச்சிக்கு ஒரு நேரடியான பதில் உண்டு. இரண்டு குழந்தைகளும் ஒரே தாயின் ரத்தத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். தாய் சாப்பிட்டதோ சாப்பிடாததோ காரணம் என்றால் இருவருமே சின்னதாக இருந்திருக்க வேண்டும். ஒன்று நன்றாக வளர்கிறது என்பதே, குறை தாயிடம் இல்லை, நஞ்சுக்கொடியிலோ தொப்புள்கொடி சேரும் இடத்திலோ மரபணுவிலோ இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

இதன் மறுபக்கம் கொஞ்சம் கசப்பானது. கூடுதலாகச் சாப்பிட்டு அந்த ஒரு குழந்தையை மட்டும் பெரிதாக்கிவிடவும் முடியாது. நல்ல உணவும் போதிய எடை ஏற்றமும் இரட்டைக் கர்ப்பத்துக்குத் தேவைதான். இயல்பான உடல் எடையோடு கர்ப்பமாகும் பெண் மொத்தம் 17 முதல் 25 கிலோ வரை ஏறலாம் என்பது 2009இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் தந்த அளவு. அதற்கு மேல் வலுக்கட்டாயமாக உண்பது சின்னக் குழந்தையைத் தனியாகத் தேடிப் போகாது. படுக்கையிலேயே கிடப்பதும் அப்படித்தான். இரட்டைக் கர்ப்பத்தில் வழக்கமாகப் படுக்கை ஓய்வு தருவதால் பலன் உண்டு என்று ஆய்வுகள் காட்டவில்லை. நீண்ட நாள் அசையாமல் கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயமும் தசை பலவீனமும்தான் மிச்சம். களைப்பாக இருந்தால் படுங்கள், அது வேறு. புகைப்பவர் நிறுத்துவது மட்டும் உண்மையிலேயே கையில் இருக்கும் ஒரு நெம்புகோல்.

இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே

கடினமான காலம் இதுதான். அளக்க எதுவும் இல்லாத நாட்களில் மனம் தானாக அளந்துகொண்டிருக்கும். அந்த நாட்களுக்கு நான் கண்டவரை உதவுவது ஒரு திட்டவட்டமான ஏற்பாடு. ஸ்கேன் அறையை விட்டு வெளியே வரும்முன், அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி, அதில் என்ன பார்க்கப் போகிறீர்கள், என்ன தெரிந்தால் திட்டம் மாறும், நடுவில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு வீடு திரும்புகிறவருக்கு இரண்டு வாரம் என்பது இரண்டு மாதம். ‘ஓட்டம் இப்படி மாறினால் வாரம் இரு முறை பார்ப்போம், இல்லாவிட்டால் இதே போக்கில் தொடர்வோம்’ என்ற பதில் கையில் இருந்தால் கவலைக்குக் கரை கிடைக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தேதி, வாரம், இரு எடைகள், இரு பைகளின் நீர், டாப்ளர் என்று குறித்துவைத்தால், ஒற்றை எண்ணுக்குப் பதிலாகப் போக்கு தெரியும். மருத்துவர் மாறினாலும் இது உதவும்.

இணையத்தில் படிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்வது எளிது; யாரும் நிறுத்தப்போவதில்லை. அதனால் ஒரு வடிகட்டி மட்டும் சொல்கிறேன். யாருடைய அனுபவத்தைப் படித்தாலும், நஞ்சுக்கொடி எத்தனை, எத்தனையாவது வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது, டாப்ளர் எப்படி இருந்தது என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது உங்கள் கதையோடு ஒப்பிடக்கூடியது அல்ல. 22 சதவீதம் என்று பயமுறுத்தப்பட்டு, பிறந்தபோது எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தவர்கள் பெரும்பாலும் எதுவும் எழுதுவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வீட்டில் வைத்து இதயத் துடிப்பு கேட்கும் கருவி வாங்க ஆசை வரும். வேண்டாம். இரட்டையரில் ஒரே இதயத்தை இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு இரண்டும் நலம் என்று நம்பிவிட வாய்ப்பு இருக்கிறது. தாயின் நாடியையே குழந்தையினுடையது என்று எண்ணுவதும் நடக்கும். அசைவைக் கவனிப்பதே மேல். எந்த உதை யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகலாம், பரவாயில்லை. மொத்தத்தில் வழக்கமான அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே போய்ப் பார்க்க வேண்டும். ஒரே நஞ்சுக்கொடி என்றால், சில நாட்களிலேயே வயிறு சட்டெனப் பெரிதாகி இறுக்கமாவதும் உடனே சொல்ல வேண்டிய விஷயம். ரத்தக் கசிவு, நீர் கசிவு, விட்டு விட்டு வரும் வலி, கடுமையான தலைவலி, பார்வை மங்கல் இவை எந்த இரட்டைக் கர்ப்பத்திலும் காத்திருக்கக் கூடாதவை.

சுற்றியிருப்பவர்கள் ‘எல்லாம் நல்லபடியா நடக்கும், நீ கவலைப்படாதே’ என்பார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பயம் உள்ளேயே தங்கிவிடுகிறது. கணவரோ நெருங்கிய ஒருவரோ ஸ்கேனுக்குக் கூட வந்து, மருத்துவர் சொன்னதைத் தானும் காதால் கேட்டிருந்தால் வீட்டில் பேச்சே வேறு மாதிரி இருக்கும். பதற்றத்தில் இருப்பவர் பாதியைத்தான் கேட்கிறார். எல்லோருக்கும் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய கடமையும் இல்லை; ‘அடுத்த ஸ்கேன் முடிந்ததும் சொல்கிறோம்’ என்று கூட வந்தவரே எல்லோருக்கும் சொல்லிவிடலாம்.

எப்போது பிரசவம்

சிக்கல் இல்லாத இரட்டையருக்கு, நஞ்சுக்கொடி இரண்டு என்றால் 37 வாரத்திலும் ஒன்று என்றால் 36 வாரத்திலும் பிரசவத்தைத் திட்டமிடச் சொல்கிறது அதே நைஸ் வழிகாட்டுதல். வளர்ச்சி வித்தியாசம் அதிகமானால் இந்தத் தேதி முன்னே நகரும். இங்கேதான் ஒற்றைக் கர்ப்பத்தில் இல்லாத ஒரு தர்மசங்கடம் வருகிறது. சின்னக் குழந்தைக்கு வெளியே வருவது பாதுகாப்பு. பெரிய குழந்தைக்கு உள்ளேயே இருப்பது நல்லது. ஒன்றுக்காக எடுத்தால் மற்றதும் குறைமாதமாகிறது. மாதம் முதிர்ந்திருந்தால் முடிவு எளிது. 28 வாரத்தில் அது எளிதல்ல. நஞ்சுக்கொடி இரண்டு என்றால் பெரிய குழந்தையின் நலனுக்காகக் காத்திருப்பது நியாயமாகலாம். ஒன்று என்றால், உள்ளேயே ஒன்றுக்கு ஏதாவது நேர்ந்தால் மற்றதும் பாதிக்கப்படும் என்பதால் கணக்கே மாறுகிறது. மருத்துவர் தயங்குவதுபோலத் தோன்றினால் பெரும்பாலும் காரணம் அலட்சியம் அல்ல, இந்தத் தராசுதான். அந்தத் தயக்கத்தை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முன்கூட்டியே பிரசவம் நடக்கலாம் என்று தோன்றினால், குழந்தைகளின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அந்த நிலைக்கு முன்பே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவை ஒரு முறை போய்ப் பார்த்துவிடுவது சிலருக்குப் பயத்தைக் குறைக்கிறது, சிலருக்குக் கூட்டுகிறது. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

இரட்டைக் கர்ப்பத்தில் பதற்றமும் மனச்சோர்வும் ஒற்றைக் கர்ப்பத்தைவிட அதிகம் காணப்படுகின்றன. ஸ்கேனுக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் இருப்பது யாருக்கும் நடக்கும். நல்ல அறிக்கை வந்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், நெஞ்சு படபடத்து, அல்லது குழந்தைகளைப் பற்றி நினைக்கவே மனம் மறுத்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியல் பத்தே கேள்விகள் கொண்டது. கர்ப்ப காலத்திலும் பயன்படுத்துகிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பேச்சு வழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு, தேவைப்பட்டால் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர், குழந்தை சின்னதாக இருக்கிறதே என்று பயந்து அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த ஸ்கேனில் கேட்க எழுதிவைத்த கேள்விகளோடு ‘எனக்குத் தூக்கமே இல்லை’ என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.